மலைநாட்டு மோட்டார் வண்டியும் இரும்பைத் தின்னும் துருவும்



ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் பாதையிலும், நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையிலும், வளைந்த முதுகும் உருண்டை விளக்குகளும் உடைய சிறிய மோட்டார் வண்டியொன்று மேட்டிலே முனகிக்கொண்டு ஏறுவதை இன்றும் இடையிடையே காணலாம். அதுவே மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் உருவாக்கிய இவ்வண்டி 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதலாக வைக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானிய மோட்டார் வண்டி என்ற பெருமையும் இதற்கே உரியது. இதன் மூத்த இனத்ததாகிய மொரிஸ் ஒக்ஸ்போர்டே பாரத நாட்டில் அம்பாசடர் என்ற பெயர் பூண்டு 2014ஆம் ஆண்டுவரை உற்பத்தி செய்யப்பட்டது.

நமது நாட்டிலே இவ்வண்டிகள் இத்துணை நீண்ட ஆயுளைப் பெற்றதற்குக் காரணம் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது மோட்டார் வண்டிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்படும் வரையில், உள்ள வண்டியைப் பேணுவதன்றி வேறு வழியில்லை. பின்னரும் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025ஆம் ஆண்டிலேயே நீங்கியது. பழைய வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுதல் சிலருக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். நம்மிற் பலருக்கோ அது வாழ்க்கைத் தேவையாகவே இருந்துவந்துள்ளது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இவ்வண்டியின் எஞ்சின் அன்று. அதன் உடலைத் தாங்கி நிற்கும் இரும்பு. எஞ்சின் பழுதுபட்டால் வண்டி நின்றுவிடும். நாமும் இறங்கி நடந்துவிடலாம். தாங்கும் இரும்பு துருவினால் அரிபட்டாலோ வண்டி நிற்பதில்லை. அது நன்றாக ஓடுவது போலவே ஓடிக்கொண்டிருக்கும். ரம்பொடைக் கணவாயின் கொண்டையூசி வளைவு ஒன்றிலே, பிரேக்கை அழுத்திய ஒரு கணத்திலே, சக்கரத்தைப் பிடித்திருக்கும் பகுதி பிய்ந்துகொண்டு போகும்பொழுதுதான் உண்மை வெளிப்படும். அப்பொழுது அறிந்து என்ன பயன்?

வீடுகளில் இருவகை உண்டு. தூணும் விட்டமும் கூரையைத் தாங்க, இடையே சுவர் மறைப்பாக மட்டும் நிற்பது ஒருவகை. சுவரே கூரையைத் தாங்குவது மற்றொரு வகை. லொறிகளும் பழங்கால மோட்டார் வண்டிகளும் முதல்வகையைச் சேர்ந்தவை. கனமான சட்டத்தின்மேல் உடற்கூடு ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். மொரிஸ் மைனரோ இரண்டாம் வகை. அதற்குத் தனிச் சட்டம் இல்லை. மெல்லிய உருக்குத் தகடுகளை மடித்து, பெட்டிபோலாக்கி, ஒன்றோடொன்று பற்றவைத்து, அந்தக் கூடே பாரம் முழுவதையும் தாங்குமாறு அமைத்துள்ளார்கள். கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவான விளிம்பைச் 'சில்' என்பர். காலை வைத்து ஏறும் படி என்றே பலர் அதை எண்ணுகின்றனர். உண்மையில் அதுவே வண்டியின் முதுகெலும்பு. அது உளுத்துவிட்டால் வண்டி நடுவிலே தொய்யும். கதவு சரியாகச் சாத்தாது. தூக்கிச் சாத்த வேண்டியிருக்கும். கதவின் கீலைக் குறைகூறுவோர் சற்றுக் குனிந்து சில்லைப் பார்ப்பது நல்லது.

தோட்டத் துரைமார் விரும்பி ஓட்டிய லாண்ட் ரோவரும் 1948ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அதன் மேற்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலப்பினால் ஆனது, அது துருப்பிடிப்பதில்லை. ஆனால், அதன் அடியிலுள்ள சட்டம் உருக்கினால் ஆனது. ஆதலின் மேலே பளபளவென்று நிற்கும் வண்டியின் அடியிலே சட்டம் சல்லடையாகியிருத்தல் கூடும். மேனியைக் கண்டு மயங்குதல் மனிதரிடத்தில் மட்டுமன்று, மோட்டாரிடத்திலும் தவறாகும்.

இனி, துரு என்பது யாது? யாழ்ப்பாணத்தார் இதனைக் கறள் என்பர். இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடியவழித் தோன்றுவது இது. மூன்றில் ஒன்று இல்லாவிடினும் துரு இல்லை. நீரிலே உப்புப் பொருள் கலந்திருந்தால் அரிப்பு விரைவாகும். துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பலமடங்கு இடத்தை அடைப்பது. ஆதலின் இரு தகடுகளுக்கிடையே புகுந்தால் அவற்றைப் பிளந்து விரிக்கின்றது. காற்று நன்றாகப் படும் இடத்தைவிட, ஈரம் தங்கிக் காற்றுக் குறைந்திருக்கும் மடிப்புகளிலும் பொருத்துகளிலுமே அரிப்பு ஆழமாக நடைபெறும். வெளியே தெரியும் துரு சிறிது. உள்ளே மறைந்திருப்பது பெரிது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

மலைநாட்டின் இயற்கையை நோக்குங்கள். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரையும் கடக்கின்றது. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மழை இதனிற் குறைவே. ஆயினும் மூடுபனியும் குளிரும் இரும்பின் ஈரத்தை உலரவிடுவதில்லை. நமக்குள்ள ஒரு நன்மை, கடற்காற்று இங்கு இல்லை என்பது. பிரித்தானியாவிலே குளிர்காலத்தில் பாதைகளில் உப்புத் தூவுகின்றனர். அந்த உப்பு அங்குள்ள வண்டிகளை விரைவிலே தின்றுவிடுகின்றது. அந்த இடரும் நமக்கில்லை. ஆனால் தோட்டங்களிலே வேறோர் உப்பு உண்டு, அதுதான் உரம். தேயிலைக்கு இடும் அமோனியம் சல்பேற்றை வண்டியின் பின்புறத்திலே சாக்குச் சாக்காக ஏற்றிச் சென்று, சிந்தியதைக் கூட்டாமல் விட்டால், அது ஈரத்தை ஈர்த்துக்கொண்டு தளத் தகட்டை அரித்துவிடும். கரையோர நகரங்களிலிருந்து பழைய வண்டி வாங்குவோர் கடலுப்பின் வடுக்களையும் சேர்த்தே வாங்குகின்றனர் என்பதை மறத்தலாகாது.

சிகிச்சைக்கு முன்பு நோயை அறிதல் வேண்டும். இதற்கு ஒரு கைவிளக்கு, ஒரு சிறு சுத்தியல், ஒரு திருப்புளி, ஒரு காந்தம் ஆகிய நான்கும் போதும். கம்பளத்தைத் தூக்கித் தளத்தைப் பாருங்கள். அடியிலே சுத்தியலால் மெல்லத் தட்டிச் செல்லுங்கள். நல்ல உருக்கு கணீர் என்னும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தைத் திருப்புளியின் முனையால் அழுத்துங்கள். காந்தம் ஒட்டாத இடத்திலே இரும்பில்லை. வர்ணத்தின் கீழே பட்டியே இருக்கின்றது என்று கொள்க. மைனரிலே சிறப்பாகப் பார்க்கவேண்டிய இடங்கள் ஐந்து: கதவின் கீழுள்ள சில், முன்னிருக்கைகளின் கீழே குறுக்காக ஓடும் சட்டம், எஞ்சினைத் தாங்கும் இரு முன்கால்கள், பின்புறப் பட்டை வில் தொங்கும் இடங்கள், ஜாக்கி வைக்கும் இடங்கள். பிரித்தானியாவில் ஆண்டுதோறும் நடைபெறும் வாகனப் பரிசோதனையிலே, பிரேக், சக்கரத் தொங்கலமைப்பு, ஆசனப் பட்டி முதலியன பொருந்தியுள்ள இடத்திலிருந்து 30 சென்றிமீற்றர் தூரத்துக்குள் இரும்பு வலிமை குன்றும்படி அரிபட்டிருந்தால் வண்டி தேறாது. நாமும் இந்த அளவைக் கைக்கொள்ளலாம். நமது நாட்டிலே தனியார் கார்களுக்கு நடைபெறும் புகைப் பரிசோதனை புகையை அளப்பதற்கே உரியது. சட்டத்தின் வலிமையை அது சோதிப்பதில்லை. சோதிக்கும் பொறுப்பு உரிமையாளரையே சார்ந்தது.

நோய் இன்ன இடத்தில் என்று கண்டபின் வேலையைத் தொடங்கலாம். மலைநாட்டிலே முதல் இடர் சமதரை கிடைப்பதே. சரிவிலே நிற்கும் வண்டியின் அடியிற் படுப்பது மரணத்தை அழைப்பதாகும். கொங்கிறீற் போட்ட சமதரையைத் தேடிக்கொள்ளுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு இரும்புத் தாங்கிகள் வேண்டும். கல்லும் செங்கல்லும் உதவா. பாரம் ஏறியவுடன் அவை பிளந்துவிடக்கூடும்.

பற்றவைப்பதற்கு முன்பு மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுங்கள். மைனரின் பெற்றோல் தாங்கி பின்புறப் பெட்டியின் தளத்தின் கீழே உள்ளது. பின்புறத்தில் வேலை செய்வதாயின் அதனைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். வெறுமையான தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. உள்ளே தங்கியிருக்கும் ஆவியே வெடிப்பது. கம்பளம், இருக்கை, மின்கம்பிகள் யாவற்றையும் அகற்றுங்கள். நீரும் மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் ஒருவர் காவலிருப்பது நன்று. ஈரத் தரையிலே நின்று மின்சார வெல்டிங் செய்தல் ஒருபோதும் கூடாது.

அடுத்து, வண்டியின் வடிவைக் காத்தல். சில்லை வெட்டியெடுத்தால் கூடு தளர்ந்துவிடும். ஆதலின் கதவு வாயிலின் குறுக்கே ஆங்கிள் இரும்பை முடுக்கிப் பிணைத்துக்கொள்ள வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவைச் சுற்றியுள்ள இடைவெளிகளையும் மூலைக்கு மூலை தூரத்தையும் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முற்றாக முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுதல் வேண்டும். இருபக்கமும் ஒரேவேளையில் வெட்டிய வண்டி, பின்னர் எவ்வளவு முயன்றாலும் தன் நேரான நிலைக்குத் திரும்புவது அரிது.

எவ்வளவு வெட்டுவது என்பதே பலருக்குப் பெரிய கேள்வி. இதற்கு விடை தோட்டத்திலேயே இருக்கின்றது. கவ்வாத்து வெட்டும் தொழிலாளி, உளுத்த கொம்பைக் கண்டால் அதன் நுனியை மட்டும் கிள்ளிவிட்டுப் போவதில்லை. நல்ல மரம் தெரியும்வரையிலே கீழிறங்கி வெட்டுகின்றான். உளுத்ததைச் சிறிது விட்டுவைத்தாலும் அது செடியின் அடிவரை இறங்கும் என்பதை அவன் அறிவான். இரும்பிலும் அதுவே நியதி. கையளவு ஓட்டை என்று தொடங்கியது முழ நீளமாக விரிதல் இயல்பு, அதற்காக மனந்தளரலாகாது. துருவேறிய தகட்டின்மேல் புதுத் தகட்டை வைத்து ஒட்டுதல் பெருந்தவறு. மெல்லிய பழந்தகடு வெப்பத்தால் கருகி உதிரும். அன்றியும் இரு தகடுகளின் இடையே நீர் தங்கி, முன்னிருந்ததைவிட விரைவாக அரிப்பு நடைபெறும்.

வெட்டிய இடத்துக்கு முதலிலே தடித்த காகித அட்டையில் அளவு வெட்டுங்கள். அட்டை சரியாகப் பொருந்திய பின்பு அதைக்கொண்டு உருக்குத் தகட்டை வெட்டுங்கள். மேற்கூட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடு போதும். பாரந்தாங்கும் பகுதிகளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் வேண்டும். மண்ணெண்ணெய்த் தகரத்தை விரித்துத் தறைந்து ஒட்டுப்போடும் வழக்கம் வறுமையிலே பிறந்தது. அதைப் பழிக்க நான் முன்வரவில்லை. ஆனால் தகரம் மழையை மறைக்குமேயன்றிப் பாரத்தைத் தாங்காது.

பற்றவைக்கும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சிற் செல்லாதீர்கள். வெப்பத்தினால் தகடு நெளிந்துவிடும். இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, மீண்டும் இடையிலே வையுங்கள். ஆலையிலே இரு தகடுகளைப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்திருப்பார்கள். வீட்டிலே அதற்கு ஈடாக, மேற்றகட்டில் ஆறு முதல் எட்டு மில்லிமீற்றர் அகலமுள்ள துளைகளிட்டு, அத்துளைகளை உருகிய உலோகத்தால் நிரப்பலாம். இக்காலத்தில் பலரும் கைக்கொள்ளும் மிக் வெல்டிங்கிலே ஒருவகை வாயு உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கின்றது. மலைக்காற்று வீசினால் அந்த வாயு கலைந்து, பற்று நுரைத்த சர்க்கரைப் பாகுபோல ஓட்டையாகிவிடும். ஆதலின் காற்றுக்கு மறைப்புக் கட்டிக்கொள்ளுதல் இன்றியமையாதது.

வீட்டிலே செய்யத்தகாத வேலையையும் சொல்லவேண்டும். மைனரின் முன்சக்கரங்களைத் தாங்குவன நீண்ட முறுக்குத் தண்டுகள். அவற்றின் பின்முனை, முன்னிருக்கையின் கீழுள்ள குறுக்குச் சட்டத்திலே பூட்டப்பட்டிருக்கும். அத்தண்டிலே வண்டியின் பாரத்தைத் தாங்கும் முறுக்கு அடங்கியிருப்பதால், அதனைத் தளர்த்தாமல் அருகே வெட்டுதல் உயிருக்கு ஆபத்து. தண்டையும் பட்டை வில்லையும் சூடாக்கினால் அவற்றின் பதம் கெட்டு, ஓரிடத்திலே முறிந்துபோகும். பற்றவைக்கும் கைப்பழக்கம் இல்லாதவர்கள், வெட்டுதல், அளத்தல், துப்புரவாக்கல் ஆகியவற்றைத் தாமே செய்து, பாரந்தாங்கும் இடத்தைப் பற்றவைப்பதற்கு மட்டும் தேர்ந்த தொழிலாளியை அழைத்தல் சிறப்பு. அதனாற் செலவும் குறையும், உயிரும் தப்பும்.

பற்றவைத்தலோடு வேலை முடிவதில்லை. கவ்வாத்து வெட்டிய வாய்க்கு மருந்து பூசுவது போல, இரும்பின் புண்ணுக்கும் பூச்சு வேண்டும். பற்றைத் தேய்த்துத் துப்புரவாக்கி, நாகம் கலந்த பூச்சையோ துருவெதிர்ப்புப் பூச்சையோ இட்டு, பொருத்துகளை அடைக்கும் பசையால் மூடி, அதன்பின்பே வர்ணம் பூசவேண்டும். பெட்டிபோன்ற பகுதிகளின் உட்புறத்துக்கு மெழுகுக் கரைசலைத் தெளித்தல் நன்று. பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றும் வழக்கம் பரவலாக உண்டு. அது இறப்பர்ப் பாகங்களைக் கெடுப்பதோடு நிலத்தையும் நீரையும் மாசுபடுத்தும். நீர் வடியும் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளிலே சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்களே ஓரளவு உலர்ந்தவை. வர்ண வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றிலே பூசிய வர்ணம் வெளிறிப் போகும். வேலை முடிந்த வண்டியை பிளாஸ்ரிக் விரிப்பால் இறுக மூடிவைத்தலும் தவறு. உள்ளே வேர்க்கும் ஈரமே துருவுக்கு உணவு. கூரை இருந்து, பக்கங்கள் திறந்திருக்கும் கொட்டகையே வண்டிக்கு உகந்த இல்லம்.

நேயர்களே, பட்டியைப் பற்றியும் ஒரு சொல். பட்டி, வர்ணத்துக்கு முன்பு சிறு பள்ளத்தை நிரவுவதற்கு உரிய பொருள். உளுத்த சில்லிலே கடதாசியும் கம்பிவலையும் திணித்து, மேலே பட்டி அப்பி, வர்ணம் தீட்டி விற்பது வஞ்சனை. வாங்குகின்றவர் தம் பிள்ளைகளை அந்த வண்டியிலே ஏற்றிக்கொண்டு மலையிறங்குவார் என்பதை விற்பவர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்தத் தொழிலை மலைநாட்டிலே வளர்த்தவர்கள் யாவர்? தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைகளிலே யந்திரங்களைப் பேணி வந்த தொழிலாளரும், தோட்ட லொறிகளையும் துரைமாரின் வண்டிகளையும் ஓட்டியவர்களுமே. பாஸ் என்று மரியாதையோடு அழைக்கப்பெற்ற அவர்களிற் பலர், லயத்து வீட்டிலே பிறந்து, ஏட்டுக் கல்வி அதிகமின்றி, கண்ணாலும் காதாலும் இரும்பைக் கற்றவர்கள். மொரிஸ் மைனர் உலகுக்கு வந்த அதே 1948ஆம் ஆண்டிலேதான், குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் பாரதத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பலர் நீலகிரியிலே குடியேறினர். அவர்களோடு அவர்தம் கைத்திறனும் கடல் கடந்தது. எஞ்சியோரின் கைத்திறன் வீண்போகவில்லை. 1990களில், மொரிஸ் மைனருக்கான தகடுகளையும் உதிரிப்பாகங்களையும் இலங்கையிலே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சியில், பாத் நகரத்து மைனர் நிலையத்தை நிறுவிய சார்ள்ஸ் வெயர் ஈடுபட்டார். வண்டி பிறந்த நாடே, அதன் உறுப்புகளுக்காக நமது நாட்டின் தொழிலாளரை நாடியது என்பது பெருமைப்படத்தக்க செய்தி.

இன்று அந்த முதிய தொழிலாளரின் தொகை குறைந்து வருகின்றது. கணினி பொருத்திய புதிய வண்டிகளின் காலத்திலே, சுத்தியலின் ஒலிகொண்டு இரும்பின் நலம் அறியும் செவிகள் அருகிவிட்டன. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ பழைய வண்டியொன்றை வைத்திருப்பவர், அதைப் பழுது பார்க்கும்போது தோட்டத்து இளைஞர் ஒருவரையும் பக்கத்திலே நிறுத்திக்கொள்ளட்டும். முதிய பாஸ் ஒருவரின் அருகே அவ்விளைஞர் ஒரு சில்லை வெட்டிப் பொருத்தக் கற்றுக்கொண்டால், வண்டிக்கு இருபது ஆண்டு ஆயுள் கூடும். அவருக்கோ ஆயுள் முழுவதும் சோறு போடும் தொழிலொன்று கைவரும். இரும்பைக் காப்பது துரு நீங்கிய தகடு. தொழிலைக் காப்பது கற்பிக்கும் மனம்.